இறாலும் பட்டர் ஃப்ரூட்டும் ஒரே மாலைக்கு

குடகுக் காப்பித் தோட்டங்களிலிருந்து பட்டர் ஃப்ரூட், அதாவது அவகாடோ, இறங்கும் மாதங்களில்தான் மேற்குக் கடலின் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். பழம் மே மாதம் வரத் தொடங்கும், செப்டம்பர் வரை கிடைக்கும். கர்நாடகத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடை. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி அதே ஜூலை 31 வரை. பழம் மலிந்த நேரத்தில் இறால் அருமையாகிவிடும். டிசம்பரில் இறால் தாராளமாக வரும், கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஆர்டர்களும் குவியும், ஆனால் உள்ளூர்ப் பழம் இருக்காது. மைசூரில் விருந்துகளுக்கு ஸ்டார்ட்டர் செய்து கொடுத்துப் பிழைக்கிறவள் நான். என் ஆண்டுக் கணக்கு இந்த இடைஞ்சலிலிருந்துதான் தொடங்குகிறது.

நான் செய்வது சின்னப் பலகாரம். நாலு சென்டிமீட்டர் அகலத்தில் மொறுமொறுப்பான ஓர் அடித்தட்டு, அதன்மேல் பட்டர் ஃப்ரூட், அதன்மேல் ஓர் இறால் அல்லது ஒரு கரண்டி நுனியளவு நண்டுச் சதை. விருந்தாளி நின்றுகொண்டிருப்பார், ஒரு கையில் கண்ணாடி டம்ளர் இருக்கும், எதிரே யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள். மீதியிருக்கும் ஒரு கையால் எடுத்து ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கடித்துப் பாதியைக் கையில் வைத்திருக்கும்படி செய்தால் அது பலகாரமே இல்லை என்பார் என் மாஸ்டர். பெரிய ஓட்டல் ஒன்றின் கோல்ட் கிச்சனில் காலமெல்லாம் நின்ற மனிதர் அவர். இறாலின் வால் ஓட்டை அழகுக்காக விட்டுவைக்கும் பழக்கத்தை அவர் கடுமையாக எதிர்த்தார். "வாலை விருந்தாளி எங்கே போடுவாரும்மா? பூந்தொட்டியிலயா?" என்று கேட்பார். நானும் வாலை எடுத்துவிடுகிறேன். பல் குச்சியும் குத்துவதில்லை.

நான் தூத்துக்குடிக்காரி. இறால் என்றால் வாசலுக்கு வருவது, அதுவும் மீசை முறியாமல் வருவது என்று வளர்ந்தவள். மைசூருக்குக் கடல் தூரம். மங்களூர் மீன் சம்பாஜே மலைப்பாதை ஏறி, மடிக்கேரி, ஹுன்சூர் வழியாகச் சுமார் 250 கிலோமீட்டர் வந்து சேர வேண்டும். கோழிக்கோட்டுப் பக்கத்து மீனுக்கு வயநாடு, குண்டலுப்பேட்டை வழி. அந்தச் சாலை பந்திப்பூர்க் காட்டுக்குள் போகிறது. 2009 முதல் அங்கே இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வண்டிகளுக்குத் தடை. காட்டு விலங்குகள் அடிபடாமல் இருக்க வந்த தடை அது, எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் 9 மணிக்குள் செக்போஸ்ட்டைத் தாண்டாத மீன் வண்டி விடியும்வரை நிற்கும் என்பதைச் சனிக்கிழமை விருந்துக்கு இறால் சொல்லும்போது மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 2018 ஆகஸ்டில் குடகில் மலை சரிந்து மடிக்கேரி–சம்பாஜே சாலை மூடப்பட்டபோது மங்களூர் வழியும் அடைபட்டது. அந்த வாரங்களில் மீனுக்காக நான் புலம்பவில்லை. எனக்குப் பழம் தரும் தோட்டத்துக்காரர்கள் வீடு நிற்கிறதா என்று விசாரிப்பதிலேயே நாள் போயிற்று.

மேற்குக் கரை அடைபடும் ஜூன், ஜூலையில் எனக்குக் கை கொடுப்பது கிழக்குக் கரை. அங்கே தடை ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிந்துவிடும். ஜூன் நடுவில் தூத்துக்குடி விசைப்படகுகள் கடலுக்குப் போகும், தடைக்காலத்திலும் நாட்டுப்படகுகள் போய்க்கொண்டுதான் இருக்கும். தூத்துக்குடியில் மாலை கிளம்பும் மைசூர் எக்ஸ்பிரஸ் மறுநாள் காலை இங்கே வந்துவிடும். மீன் ஏலக் கூடத்தில் நிற்கும் என் சித்தி மகன் போன் செய்வான்: "எக்கா, வெள்ளை இறால் கெடக்கு, கிலோவுக்கு அம்பது நிக்கும். போட்ரவா?" ஒரு கிலோ இறாலுக்கு ஒரு கிலோ ஐஸ், அதுவும் அடுக்கடுக்காக, அடியிலும் மேலும் ஐஸ்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுவேன். தெர்மோகோல் பெட்டி பார்சலில் ஏறும். காலையில் ஸ்டேஷனில் பெட்டியைத் திறந்து ஐஸில் பாதியாவது கட்டியாக இருந்தால் வாங்கிக்கொள்வேன். எல்லாம் தண்ணீராகி இறால் அதில் மிதந்தால் அந்தப் பெட்டி என் சமையலறைக்குள் வராது, அன்றைய மெனு மாறிவிடும்.

எண்ணிக்கைக் கணக்கில் புதிதாக வருகிறவர்கள் குழம்புவார்கள். நம் ஊர் இறால் பண்ணைகளிலும் ஏலக் கூடத்திலும் கவுண்ட் என்பது கிலோவுக்கு எத்தனை நிற்கும் என்பது. உறைந்த பாக்கெட்டில் 41/50 என்று அச்சிட்டிருந்தால் அது பெரும்பாலும் ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 450 கிராமுக்கு. என் பலகாரத்துக்குத் தலையோடு கிலோவுக்கு 50 நிற்கும் இறால் சரியான அளவு. தலையும் ஓடும் போனால் எடை ஏறத்தாழப் பாதியாகிவிடும், 2 கிலோ வாங்கினால் 1 கிலோ சதை, 100 பலகாரம். பின்னால் சாப்பாடு உண்டு என்றால் ஆளுக்கு 6 போதும், சாப்பாடே இதுதான் என்றால் 10 முதல் 12 வரை போகும். 50 பேருக்கு 300 என்றால் அதில் 100 இறால், மீதி நண்டும் சைவமும்.

நல்ல கடல் இறால் கிடைக்காத வாரங்களில் வனாமி வாங்குகிறேன். 2009-இல் இந்தியப் பண்ணைகளுக்கு அனுமதிக்கப்பட்ட அந்த இறால் இன்று எங்கும் கிடைக்கிறது. சுவையில் வெள்ளை இறாலுக்கு ஈடாகாது. ஆனால் ஒரே அளவாக இருக்கும், உறைந்த நிலையில் நம்பகமாக வரும். ஐஸ் தீர்ந்துபோன கடல் இறாலைவிடச் சரியாக உறைந்த வனாமி ஆயிரம் மடங்கு மேல் என்பது என் கருத்து. ஊரில் இதைச் சொன்னால் என் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

இறால் கெடத் தொடங்கும்போது முதலில் தலை கருக்கும், பிறகு ஓட்டின் மூட்டுகள். பட்டர் ஃப்ரூட்டை அறுத்து வைத்தால் அதுவும் கருக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இந்த ஊரில் 1950-இல் செலுவாம்பா மாளிகையில் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, மைசூர்க்காரர்கள் வாயில் அது சிஎஃப்டிஆர்ஐ. அங்கே பணியாற்றி ஓய்வுபெற்ற ஓர் அம்மா என் வாடிக்கையாளர். அவர்தான் விளக்கினார்: பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி வகை பழத்திலும் உண்டு, இறாலிலும் உண்டு. காற்றுப்பட்டதும் வேலையைத் தொடங்கும், புளிப்பில் அடங்கும், குளிரில் மந்தமாகும், கொதிநிலைச் சூட்டில் அழியும். "உனக்கு எதிரி ஒருத்தன்தாம்மா, ரெண்டு வேஷம் போட்டு வர்றான்" என்றார். அன்றிலிருந்து இரண்டையும் ஒரே ஒழுங்கில் கையாள்கிறேன். இறாலுக்கு ஐஸும் கொதிநீரும். பழத்துக்கு எலுமிச்சையும், காற்றுப் புகாமல் சதைமேல் ஒட்டிப் பதித்த பிளாஸ்டிக் தாளும். கிண்ணத்தில் எலுமிச்சைச் சாற்றை முதலில் ஊற்றிவிட்டு அதற்குள்தான் பழத்தை நறுக்குவேன். நறுக்கிய பிறகு பிழிந்தால் அதற்குள் விளிம்பு நிறம் மாறத் தொடங்கியிருக்கும்.

பழத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உலகமெங்கும் புத்தகங்களில் வரும் அவகாடோ செய்முறைகள் ஹாஸ் என்ற ரகத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கலிஃபோர்னியாவில் தபால்காரராக இருந்த ருடால்ஃப் ஹாஸ் 1935-இல் காப்புரிமை பெற்ற ரகம் அது. சின்னது, தோல் சொரசொரப்பு, பழுத்தால் கருக்கும். கொழுப்பு 15 முதல் 20 சதவீதம் வரை இருப்பதால் மசித்தால் வெண்ணெயாகத் திரண்டு நிற்கும். குடகில் காப்பிக்கு நிழலாக நிற்கும் மரங்களில் பெரும்பாலானவை விதை போட்டு முளைத்தவை, மரத்துக்கு மரம் பழம் வேறு. ஒன்று சுரைக்காய்போல் நீண்டிருக்கும், ஒன்று உருண்டை. ஒன்று பழுத்தும் பச்சையாகவே இருக்கும், இன்னொன்று கத்தரி நிறத்துக்குப் போகும். பல பழங்களில் கொழுப்பு 10 சதவீதத்துக்கும் கீழே, தண்ணீர் அதிகம். செட்டள்ளியில் உள்ள மத்தியத் தோட்டக்கலைச் சோதனை நிலையம் இந்த மரங்களிலிருந்து நல்லவற்றைத் தேர்ந்தெடுக்கும் வேலையைச் செய்கிறது. நம் பழனி மலைச் சாரலில் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி.-1 ரகத்தைத் தந்தது. ஆனால் சந்தையில் என் கைக்கு வருவது இன்னும் கலவைக் கூட்டம்தான்.

தண்ணீர்ப் பழத்தைப் புத்தகம் சொல்கிறபடி மசித்து வைத்தால் கால் மணி நேரத்தில் ஓரத்தில் நீர் கசியும், அடித்தட்டு ஊறித் தொங்கிவிடும். "ஹாஸ் வாங்கித் தொலையேன்" என்பார்கள். குடகுப் பழத்தில் ஒரு புல் வாசனை, லேசான இனிப்பு உண்டு. இறாலின் இனிப்போடு அது சேர்வதுபோல் ஹாஸின் கொழுப்பு சேர்வதில்லை என்பது என் நாக்கின் தீர்ப்பு. எனவே பழத்தை மாற்றாமல் செய்முறையை மாற்றிக்கொண்டேன். பழத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மசித்து, இரவெல்லாம் துணியில் தொங்கவிட்ட தயிரையும் வறுத்து அரைத்த பொட்டுக்கடலை மாவையும் சிறிது சேர்ப்பேன். மாவு நீரை இழுத்துக்கொள்ளும், தனிச் சுவை காட்டாது. மீதிப் பழத்தைச் சின்னச் சதுரங்களாக நறுக்கி அதில் பிரட்டிவிடுவேன். உப்பைக் கடைசியில்தான் போடுவேன், முன்பே போட்டால் அதுவே நீரை வெளியே இழுக்கும். காந்தாரி மிளகாய் பொடிப்பொடியாக, சின்ன வெங்காயம் அதைவிடப் பொடியாக. கொத்தமல்லி போடுவதில்லை, அது பழத்தின் வாசனையை மறைத்துவிடுகிறது.

பழம் மரத்தில் பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும். மைசூரின் ஜூன் மாதக் குளிரில் அதற்கு ஒரு வாரம்கூட ஆகும். சனிக்கிழமை விருந்துக்குத் திங்கட்கிழமையே தேவராஜ மார்க்கெட்டில் கல்லாக இருக்கும் பழங்களை வாங்கிவிடுவேன். பலவற்றைக் குலுக்கினால் உள்ளே கொட்டை ஆடும் சத்தம் கேட்கும், முற்றிய பழத்துக்கு அது ஓர் அடையாளம். 100 பலகாரத்துக்கு 1 கிலோ சதை போதும், அதாவது நடுத்தரப் பழம் ஐந்து. நான் எட்டு வாங்குவேன், ஏனென்றால் வெவ்வேறு மரத்துப் பழங்கள் ஒரே நாளில் பழுப்பதில்லை. பின்தங்குகிறவற்றை ஏலக்கி வாழைப்பழத்தோடு காகிதப் பையில் கட்டி வைத்தால் வாழைப்பழத்தின் எத்திலீன் வாயு வேகப்படுத்தும். முந்திக்கொள்கிறவை ஃபிரிட்ஜுக்குள். காயாக இருப்பதை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது, பிறகு அது ஒழுங்காகப் பழுக்காது. காம்படியில் கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் அசைந்து கொடுக்க வேண்டும். வயிற்றில் அழுத்திப் பார்க்கிறவர்களைப் பழக்கடை அண்ணன் அதட்டுவார், அவர் அதட்டுவது சரி.

இறாலைக் கொதிக்கக் கொதிக்க வேகவைப்பதில்லை. தலையும் ஓடும் மிளகும் போட்டுக் கொதித்த உப்பு நீரை வடிகட்டி, மீண்டும் கொதிக்கவிட்டு, சதையைப் போட்டதும் அடுப்பை அணைத்துவிடுவேன். இரண்டு மூன்று நிமிடத்தில் சதை வெள்ளையும் இளஞ்சிவப்புமாகி அரைவட்டமாக வளையும். முழுவட்டமாகச் சுருண்டுவிட்டால் வெந்தது அதிகம். உடனே ஐஸ் நீருக்குள். வடித்த நீரைச் சுண்டக் காய்ச்சினால் ஒரு டம்ளர் பசைபோல் நிற்கும். அதில் சில துளி கச்சம்புளி விட்டு இறாலைப் புரட்டுவேன். குடம்புளிப் பழச்சாற்றைக் கறுக்கக் காய்ச்சிக் குடகுக்காரர்கள் புட்டியில் வைத்திருக்கும் அந்தப் புளிப்பு பன்றிக் கறிக்கு என்றே பெயர் பெற்றது. இறாலுக்கும் அது வெகுவாகப் பொருந்துகிறது. பழத்தின்மேல் பட்டால் மட்டும் கறுப்புக் கோடு விழும், ஆகையால் இறாலோடு நிறுத்திக்கொள்வேன்.

நண்டுக்குப் பாக் நீரிணையின் நீலக்கால் நண்டு. ராமநாதபுரக் கரையில் அதன் சதையைப் பிரித்தெடுக்கும் வேலையைப் பெண்கள்தான் செய்கிறார்கள், பெரும்பகுதி ஏற்றுமதிக்குப் போகிறது. அந்தச் சதையைப் பழத்தோடு கலக்கவே மாட்டேன். கலந்தால் இரண்டின் மென்மையும் ஒன்றாகி, வாயில் எது எதுவென்று தெரியாது. பழம் கீழே, நண்டு மேலே, நடுவில் மிளகு. கணவாயைப் பழத்தோடு சேர்ப்பதை விட்டுவிட்டேன். சூடாக இருந்தால்தான் கணவாய்க்கு ருசி, பழத்துக்குக் குளிர்ச்சி.

இளம் வாடிக்கையாளர்கள் பச்சைச் சூரை மீனும் அவகாடோவும் கேட்கிறார்கள். வெளிநாட்டில் சாப்பிட்டிருக்கிறார்கள், ஆசை நியாயமானது. நான் மறுத்துவிடுகிறேன். சூரை, அயிலை போன்ற மீன்களில் குளிர்ச்சி விட்டுப்போனால் ஹிஸ்டமின் சேரும், பிறகு சமைத்தாலும் போகாது. படகு முதல் மைசூர் வரை எத்தனை கை மாறி வருகிற மீன் அது. ஒவ்வொரு கையிலும் ஐஸ் இருந்தது என்று எனக்கு உறுதி தர ஆளில்லாதபோது அதைப் பச்சையாக ஒருவர் வாயில் வைக்க எனக்கு மனம் வராது.

அடித்தட்டுக்கு என்னென்னவோ பார்த்தேன். பானிபூரி உடையும், ஊறும். வெள்ளரி வட்டம் தானும் நீர் விடும். நிலைத்தது அக்கி ரொட்டி மாவு. அரிசி மாவை வெந்நீரில் பிசைந்து, சீரகம் போட்டு, மெல்லிசாகத் தட்டி, சின்ன மூடியால் வட்டம் வெட்டி, கல்லில் இரு பக்கமும் ஈரம் போகச் சுட்டு எடுத்தால் முறுகலாக நிற்கும். மேலே தேங்காய் எண்ணெயை மெல்லத் தடவிவிட்டால் பழத்தின் ஈரம் இறங்கக் கொஞ்சம் தாமதமாகும். மைசூரின் கோகுலம் பகுதியில் யோகா படிக்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் பெரும்பாலும் சைவம். அவர்கள் விருந்துக்கு இதே அடித்தட்டில் பழமும் வறுத்த வேர்க்கடலையும் வைக்கிறேன். இறால் தொட்ட பலகையும் கத்தியும் அந்தப் பக்கம் போகாது. இறால், நண்டு ஒவ்வாதவர்கள் யாராவது உண்டா என்று முதல் போனிலேயே கேட்டுவிடுவேன்.

வீடுகளில் அடிக்கடி நடக்கும் வழக்கு ஒன்று உண்டு. "எட்டு மணிக்கு விருந்து, நாலு மணிக்கே எல்லாம் தட்டில் அடுக்கிக் கொடுத்துட்டுப் போயிடுங்க" என்பார்கள். முடியாது. வெந்த இறால் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, பழம் அதற்குள் நிறம் மாறும், அடித்தட்டு ஊறும். மூன்றும் தனித்தனியாக ஐஸ் பெட்டியில் வரும், விருந்து வீட்டுச் சமையலறையில் மூன்று பேர் வரிசையாக நின்று சேர்ப்போம். தட்டுக்கு 24. ஒரு தட்டு வெளியே போனதும் அடுத்ததைத் தொடங்குவோம், அதற்கு முன் இல்லை. செய்து முடித்த பலகாரத்துக்கு ஆயுள் ஏறக்குறையப் பத்து நிமிடம்.

டிசம்பரில் வெளிநாட்டு ஹாஸ் வாங்கி அவகாடோப் பலகாரம் செய்யச் சொன்னால் செய்துகொடுக்கிறேன், நன்றாகவும் இருக்கும். யோசனை கேட்டால் டிசம்பருக்கு நண்டும் தேங்காய்ப்பாலும் என்றுதான் சொல்வேன்.

ஆகஸ்ட் 1-க்குப் பிறகு மங்களூர்ப் படகுகள் மீண்டும் கடலுக்குப் போகும்போது தோட்டத்தில் கடைசிப் பழங்கள் இருக்கும். பழமும் மேற்குக் கடலும் ஒருசேரக் கிடைப்பது பெரும்பாலும் அந்த ஆறேழு வாரம்தான். ஆனால் அது சிராவணமும் விநாயக சதுர்த்தியுமான காலம், கன்னட வீடுகளில் பலர் அசைவம் தொடமாட்டார்கள். அந்த வாரங்களில் என்னை அழைப்பவர்கள் பெரும்பாலும் மைசூரில் குடியேறிய குடகுக் குடும்பங்கள். செப்டம்பர் தொடக்கத்தில் அவர்களுக்குக் கைல்பொள்து, ஆயுதங்களுக்குப் பூசை செய்யும் பண்டிகை. கடம்பிட்டும் பன்றிக் கறியும் அடுப்பில் இருக்கும், அதற்கு முன் நின்றபடி சாப்பிட என் தட்டுகள். ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர், எண்பதைத் தாண்டியவர், முதல் ஆண்டு தட்டைப் பார்த்துத் தயங்கினார். பட்டர் ஃப்ரூட் என்றால் பாலும் சர்க்கரையும் போட்டு அடித்துக் குடிப்பதுதானே இங்கே வழக்கம். "இதுக்கு உப்பும் மிளகாயுமா போட்டிருக்கே?" என்றார்.

"உங்க தோட்டத்துப் பழந்தான் அஜ்ஜா. ஒண்ணு சாப்பிட்டுப் பாருங்க."

ஒன்றை எடுத்து வாயில் போட்டார், மென்றார். "கச்சம்புளி யார் வீட்டுது?" என்று கேட்டார். கடையில் வாங்கியது என்றேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறு ஆண்டிலிருந்து பழக் கூடையோடு அவர்கள் வீட்டுக் கச்சம்புளி ஒரு புட்டி வந்துவிடுகிறது. கடைச் சரக்கைவிட அது கெட்டி, துளியில் பாதி போதும். இறாலின் அளவை நான் மாற்றவில்லை. சுண்டக் காய்ச்சும் நீரை மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொண்டேன்.